அரைப் பேர்

குண்டசாலை என்றதும் வரலாறு படித்தோர் உள்ளத்தில் முதலில் தோன்றுபவன் ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கன். கண்டி அரசின் கடைசிச் சிங்கள மன்னனாக 1707 முதல் 1739 வரை ஆண்ட அவன், மகாவலி வளைந்தோடும் இவ்விடத்திலே மாளிகை அமைத்து வாழ்ந்தமையால் குண்டசாலை அரசன் என்றே மக்களால் அழைக்கப்பட்டான். மதுரையிலிருந்து தேவியரை வருவித்தவனும் அவனே. அவனுக்குப் பின் தேவியின் உடன்பிறந்தான் ஸ்ரீ விஜய இராஜசிங்கன் என்னும் பெயரோடு அரியணை ஏறினான்; அவன் வழிவந்த நாயக்க மன்னர்கள் 1815 வரை கண்டியை ஆண்டனர். அக்காலத்தில் இம்முற்றத்தில் ஒரு மொழி பேசுவோனுக்கும் மற்றொரு மொழி பேசுவோனுக்கும் இடையே நின்று சொல்மாற்றிச் சொன்ன ஒருவன் இருந்திருக்கவே வேண்டும். அவன் பெயரை எந்த நூலும் குறித்து வைக்கவில்லை. மொழிபெயர்ப்போரை வரலாறு நடத்தும் முறை பெரும்பாலும் இதுவேயாகும்.

அவ்வூரிலிருந்து இன்று ஒரு பெண் காலை ஆறு மணிப் பேருந்தில் கண்டிக்கு வருகிறாள். கண்டியில் இறங்கி இன்னொரு பேருந்து பிடித்துக் கலஹாச் சந்தியை அடைகிறாள். அவள் வீட்டருகே ஓடும் அதே மகாவலிதான் பல்கலைக்கழகத்தினூடும் ஓடுகிறது. பேராதனையைக் கடந்து, கட்டுகஸ்தோட்டையைச் சுற்றி, பொல்கொல்லை அணைக்கட்டிலே தன் நீரில் ஒரு பகுதியைச் சுரங்க வழியாக மாத்தளைப் பக்கம் கொடுத்துவிட்டு, எஞ்சியதோடு அது குண்டசாலைக்கு வந்து சேர்கிறது. தான் நாள்தோறும் ஆற்றுக்கு எதிர்த்திசையில் பயணம் செய்பவள் என்று தோழியரிடம் அவள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

தும்பறைப் பள்ளத்தாக்கு ஒருகாலத்தில் கொக்கோத் தோட்டங்களுக்குப் பெயர்போனது. பல்லேகலையும் இராஜவல்லையும் அத்தொழிலால் அறியப்பட்டவை. 1970களின் காணிச் சீர்திருத்தத்தின்போது தோட்டங்கள் பல அரசுடைமையாகிப் பின் துண்டுகளாகிக் கைமாறின. நக்கிள்ஸ் மலைச்சாரலின் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்த அவளுடைய பாட்டியும் பாட்டனும் அக்காலத்திலேதான் கீழே இறங்கி வந்து குண்டசாலைப் பக்கம் குடியேறினர். நுவரெலியாவின் உயர்மலைத் தோட்டங்களைப் போலன்றி, இங்கே தமிழ்க் குடும்பங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறி வாழ்கின்றன. ஆதலால் அவளுக்குச் சிங்களம் எவரும் கற்பித்து வந்ததன்று. கடையிலும் கிணற்றடியிலும் பேருந்திலும் அது தானாக வந்தது. தமிழ் வீட்டிலும் பாடசாலையிலும் இருந்தது. ஆங்கிலம் மட்டுமே புத்தகத்தில் இருந்தது.

பல்கலைக்கழக அனுமதி முறைபற்றி இச்சஞ்சிகையின் வாசகர்க்கு விரித்துரைக்கத் தேவையில்லை. 1970களில் தரப்படுத்தலோடு தொடங்கிய சர்ச்சை பல திருத்தங்களைக் கண்டு, கலைத்துறை நீங்கலான பெரும்பாலான கற்கை நெறிகளுக்கு நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், ஐம்பத்தைந்து வீதம் மாவட்டங்களின் குடித்தொகைக்கும், ஐந்து வீதம் கல்வியிற் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுக்கும் என்று வகுக்கப்பட்டது. அப்பதினாறனுள் நுவரெலியாவும் பதுளையும் உண்டு. கண்டி இல்லை. கண்டி நகரின் புகழ்பெற்ற கல்லூரிகள் மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியை மேலே உயர்த்த, அதே மாவட்டத்தின் லயன் காம்பிராவில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் படித்த பிள்ளையும் அதே புள்ளியைத் தாண்டியே வரவேண்டும். மாவட்டம் என்ற அளவுகோல் நியாயமான நோக்கத்தோடு ஆக்கப்பட்டதே. ஆனால் அது மாவட்டத்தின் உள்ளே பார்ப்பதில்லை. அப்பெண் இரண்டாம் முறை பரீட்சை எழுதி, விஞ்ஞான பீடத்துக்குரிய புள்ளியை மயிரிழையில் தாண்டினாள்.

இவையனைத்தும் முதற் பட்டத்துக்குரிய கதை. சொல்ல வந்தது அதற்கு மேலுள்ள படியைப் பற்றியது.

பட்டப்பின் கல்விக்கு மாவட்டப் பங்கீடு இல்லை. வெட்டுப்புள்ளியும் இல்லை. வாயில் திறந்தே இருப்பதுபோற் தோன்றும். ஆயினும் அதனுள்ளே நுழைந்தோரை எண்ணிப் பார்ப்பவர்க்குத் தோட்டத்துப் பிள்ளைகள் அங்கு அரியர் என்பது உடனே புலனாகும். காரணங்களைத் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. கன்னங்கரா 1945இல் நாட்டிய இலவசக் கல்வி பாலர் வகுப்பிலிருந்து முதற் பட்டம்வரை நம்மைச் சுமந்து வருகிறது. அதற்கு மேற்பட்ட கற்கைகளில் பெரும்பாலானவை கட்டணம் கேட்பவை. (தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான் என்பதையும் மறத்தல் ஆகாது.) பட்டம் பெற்றவுடன் மாதச் சம்பளம் எதிர்பார்த்து நிற்கும் குடும்பம் இன்னுமொரு மூன்றாண்டு பொறுத்திருக்க மாட்டாது. ஆராய்ச்சி என்பது என்ன தொழில் என்று கேட்டால் விடை சொல்வதற்கு உறவில் ஒருவரும் இல்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக ஆங்கிலம்.

அவள் முதலில் விண்ணப்பித்த இடம் எதுவென்பது இங்கு வேண்டியதில்லை. நேர்முகத்தில் மூவர் இருந்தனர். கேள்விகள் ஆங்கிலத்தில் வந்தன; விடைகளை அவள் முதலில் தமிழில் நினைத்துப் பின் மாற்றிச் சொன்னமையால் ஒவ்வொரு விடைக்கும் முன் ஒரு மௌனம் விழுந்தது. இறுதியில் ஒருவர், ஏனையோரிடமில்லாத எத்தகைமை உம்மிடம் உண்டு என்று வினவினார். தமிழும் சிங்களமும் ஒரே அளவில் தெரியும் என்றாள். கேட்டவர் சிரித்தார். அது கெட்ட எண்ணத்தோடு சிரித்த சிரிப்பன்று. கணினி விஞ்ஞான நேர்முகத்தில் சமையல் தெரியும் என்று ஒருத்தி சொல்லியிருந்தாலும் அப்படித்தான் சிரித்திருப்பார். அன்று மாலை அவள் வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் நின்றபடியே அழுதாள்.

சிரித்தவருக்குத் தெரிந்திராத செய்தியொன்றுண்டு. அவள் சொன்ன தகைமையைத் தேடி நாட்டின் வேறு ஆய்வுக்கூடங்கள் ஏற்கனவே பல ஆண்டுகளாக உழைத்துக்கொண்டிருந்தன.

சற்றுப் பின்னோக்க வேண்டும். 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. 1958இல் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழி என்ற நிலை அரசியலமைப்பில் எழுதப்பட்டது. அடுத்த ஆண்டின் பதினாறாம் திருத்தம் அதனை மேலும் விரித்தது. சட்டத்தில் எழுதுதல் ஒரு நாள் வேலை. ஒவ்வொரு சுற்றறிக்கையையும் கடிதத்தையும் படிவத்தையும் இரு மொழியிலும் ஆக்குவதோ முடிவில்லா வேலை. அதற்குப் போதிய மொழிபெயர்ப்பாளர் நாட்டில் ஒருபோதும் இருந்ததில்லை. ஆகவே எந்திரத்தின் துணையை நாடும் எண்ணம் பிறந்தது.

எந்திரமோ முதலில் எழுத்தையே அறியாதிருந்தது. 1980களில் கொழும்புப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வி. கே. சமரநாயக்கவும் அவரோடு உழைத்தோரும் மும்மொழியையும் கணினித் திரையில் தோன்றச் செய்தனர். 1991இல் வெளிவந்த யூனிக்கோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. சிங்களம் 1999இல் சேர்ந்தது. எழுத்து நிலைபெற்ற பின்னரே மொழிபெயர்ப்பு ஆய்வு தொடங்கக்கூடியதாயிற்று. கொழும்பில் ருவன் வீரசிங்க 2003இல் புள்ளிவிபர முறையில் சிங்களத்தையும் தமிழையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் முயற்சியை வெளியிட்டார். பின்னர் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அரச ஆவணங்களுக்கென்றே 'சி-த' என்னும் மொழிபெயர்ப்பு முறைமை உருவாயிற்று. அதே பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்ந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரையாளர் க. சர்வேஸ்வரன், தமிழ்ச் சொற்களை அவற்றின் பகுதி, விகுதி, இடைநிலைகளாகப் பகுத்துக் காட்டும் 'தமிழிமோர்ப்' எனும் கருவியை ஆக்கினார். நன்னூலார் பதவியலில் வகுத்த வேலையை எந்திரம் செய்கிறது என்று சொன்னால் தமிழ்த்துறை மாணவர் முகம் சுளிக்கலாம். ஆனால் அடிப்படையில் அது அதுவேதான்.

இவ்வாய்வின் உள்ளே ஒரு விந்தை உண்டு. சிங்களம் வட இந்தியக் குடும்பத்தது என்றும் தமிழ் திராவிடக் குடும்பத்தது என்றும் படிக்கிறோம். எந்திரத்துக்கு அக்குலப் பிரிவு அத்துணை பொருட்டாவதில்லை. இரண்டிலும் வினை இறுதியில் நிற்கும். வேற்றுமைப் பொருள் பெயரின் பின்னே வந்து ஒட்டும். பெயரெச்சத் தொடர் பெயருக்கு முன்னே வரும். 'மம கெதர யனவா' என்பதைச் சொல்லுக்குச் சொல் வைத்தால் 'நான் வீட்டுக்குப் போகிறேன்' என்று தமிழாகிவிடும். ஆங்கிலத்துக்கு மாற்றவோ வாக்கியத்தையே புரட்டிப்போட வேண்டும். இரண்டாயிரமாண்டு அண்டை வாழ்வு வாக்கியத்தின் எலும்பிலேயே ஊறியிருக்கிறது. ஆயினும் தொல்லை வேறிடத்தில் ஒளிந்திருக்கும். பேச்சுச் சிங்களத்தின் 'யனவா' நானும் நீயும் அவளும் போவதற்கெல்லாம் ஒன்றே. தமிழில் போகிறேன், போகிறாய், போகிறாள் என்று பிரிந்தாக வேண்டும். போவது யார் என்பதை எந்திரம் எங்கிருந்தாவது கண்டுபிடிக்கவேண்டும். இன்னும், தமிழ் 'இடம்' சிங்களத்துக்குச் சென்று 'இடம' ஆனபோது அதற்குக் காணி என்ற பொருள் வந்துவிட்டது. ஒலியை நம்பி 'இடம்' என்று மாற்றினால் காணி உறுதியொன்று வெறும் இடமாகிவிடும்.

இத்தகைய எந்திரம் கற்பது இலக்கண விதிகளை மனனம் செய்தன்று. ஒரே கருத்தை இரு மொழியிலும் கூறும் ஆயிரமாயிரம் வாக்கிய இணைகளைக் கண்டு பழகியே கற்கிறது. அவ்விணைகளைத் தேர்ந்து, பிழை நீக்கி, இது இதற்கு நேர் என்று உறுதி கூற இரு மொழியும் தன் மொழியாய் அறிந்தவர் வேண்டும். கொழும்பிலே ஆங்கிலத்தில் வளர்ந்த கெட்டிக்கார மாணவர் பலர் நிரல் எழுதுவதில் வல்லவர். இவ்வேலையில் அவர்களாற் பாதி வழிதான் போகமுடியும். குண்டசாலைப் பெண்ணின் இரண்டாவது விண்ணப்பம் சென்ற இடத்தில், விரிவுரையாளர் ஒருவர் இரு தாள்களை நீட்டி, இவற்றில் எது மொழிபெயர்ப்பாளர் எழுதியது, எது எந்திரம் எழுதியது என்று கேட்டார். அவள் இரண்டையும் படித்துவிட்டு, இரண்டிலும் ஒரே இடத்தில் பிழை இருக்கிறது என்றாள். அதுவே நேர்முகம்.

பிற நாடுகளிலும் இதனையொத்த அனுபவங்கள் உண்டு. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1995இல் கணினி விஞ்ஞானத்துக்குப் புதிதாகச் சேர்ந்தோரில் பெண்கள் நூற்றுக்கு ஏழு பேரே. ஜேன் மார்கோலிஸ், அலன் ஃபிஷர் ஆகிய இருவர் அதன் காரணங்களை மாணவரிடமே கேட்டு ஆராய்ந்தனர். சிறுவயதிலேயே நிரல் எழுதிப் பழகியோர்க்குச் சேர்க்கையில் அளித்திருந்த முன்னுரிமை கைவிடப்பட்டது. பழக்கமற்றோர்க்கு வேறு தொடக்கப் பாடம் அமைந்தது. 2000இல் அவ்வெண் நாற்பத்திரண்டாயிற்று. அது முதற் பட்டத்தின் கதை. பட்டப்பின் கல்வியை நோக்கியும் 1994இல் அங்கு ஒரு திட்டம் தொடங்கியது: பெண் மாணவியரைக் கோடை விடுமுறையில் வேறொரு பல்கலைக்கழகத்து ஆய்வாளரிடம் அனுப்பி, ஆராய்ச்சியில் கைதோய வைத்தனர். ஆராய்ச்சி செய்வோரைக் கண்ணாற் காணாதவர் அத்தொழிலை விரும்புவது எங்ஙனம்?

ஆபிரிக்காவின் 'மசக்கானே' இயக்கம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. சூலு மொழியில் அச்சொல்லுக்குச் சேர்ந்து கட்டுவோம் என்பது பொருள். அம்மக்கள் தம் மொழிகளுக்கு எந்திர மொழிபெயர்ப்பு ஆக்கப் புறப்பட்டபோது, முறையான ஆய்வுப் பயிற்சி பெறாதோரையும் உடனாய்வாளராகச் சேர்த்தனர். 2020இல் வெளியிட்ட கட்டுரையில் முப்பதுக்கு மேற்பட்ட ஆபிரிக்க மொழிகளுக்குரிய முடிவுகளைக் கொடுத்தனர். அவரவர் மொழி அவரவர் தகுதியாயிற்று. பின்தங்கியோர்க்கு இடமளித்தல் என்று பேசும்போது இடமளிப்பவர் ஒருவர் உயரத்தில் நிற்கிறார். அவர் இரங்கியே தருகிறார். ஆய்வுப்பொருளே ஒருத்தியை வேண்டி அழைக்கும்போது இரக்கத்துக்கு அங்கு வேலையில்லை. ஒதுக்கீடு வேண்டாமென்பது இதன் கருத்தாகாது. ஒதுக்கீட்டால் உள்ளே வந்தவள், உள்ளே எதனை ஆராய்கிறாள் என்பதையும் கேட்கவேண்டும்.

நம் நாட்டில் வாயிலை அகலப்படுத்திய வேறு முயற்சிகளையும் சொல்லாமல் விடலாகாது. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000இல் தொடங்கிய தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டம் வெட்டுப்புள்ளிக்குத் தப்பாத பலரைப் பட்டதாரிகளாக்கியது. 1990ஆம் ஆண்டளவில் மின்னஞ்சலுக்காகத் தொடங்கிப் பல்கலைக்கழகங்களை இணைத்த 'லேர்ன்' வலையமைப்பு, 2020இன் கொள்ளைநோய்க் காலத்தில் இணையவழி வகுப்புகளைத் தாங்கியது. அந்நாட்களில் அப்பெண் சமிக்ஞை கிடைக்கும் மேட்டில், பலாமரத்தடியில் நின்று பாடங்கேட்டாள். மழை வந்தால் பாடம் நின்றுவிடும்.

அவளுடைய ஆய்வுக்கு ஒரு பழங்கடிதமும் காரணம். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று கூறிட்டது. மீதி ஒன்றரை இலட்சம் பேரின் விதி 1974வரை தொங்கியது. மனிதரை இலட்சக் கணக்கிற் பங்கிட்ட அக்கணக்கில் அவளுடைய பாட்டன் இலங்கைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தவர். விசாரணைக்கு வரும்படி ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. சிங்களத்தில் வந்தது. லயத்தில் அதனைப் படிக்கத் தெரிந்தவர் எவருமில்லை. முக்கியமான கடிதம் என்பதால் சாமிப் படத்தின் பின்னே பத்திரமாகச் செருகி வைத்தார். கணக்கப்பிள்ளை ஒருநாள் தற்செயலாகக் கண்டு வாசித்துச் சொன்னபோது விசாரணை நாள் கழிந்து மூன்று வாரமாகியிருந்தது. 2003இன் சட்டம் வரும்வரை அவர் எந்நாட்டுக்கும் உரியவராகவில்லை. வந்தபோது அவர் உயிரோடில்லை. பாட்டி மட்டும் கையொப்பமிட்டாள்.

அக்கடிதம் இன்றும் பிஸ்கற் தகரத்தில் இருக்கிறது. அவள் தன் ஆய்வின் தொடக்கத்தில் அதனைத் தட்டெழுதி எந்திரத்திற் கொடுத்தாள். தமிழ் ஓரளவு ஒழுங்காகவே வந்தது. அத்தமிழை வேறொரு பொது எந்திரத்தில் இட்டு ஆங்கிலமாக்கியபோதோ, கச்சேரிக்கு வரும்படி பணித்த வாக்கியம் சங்கீத நிகழ்ச்சிக்கு அழைப்பாக மாறிற்று. அரசாங்க அதிபரின் அலுவலகத்தை நாம் கச்சேரி என்கிறோம். தமிழ்நாட்டில் கச்சேரி என்றால் பாட்டு. எந்திரம் பயின்ற தமிழ் பெரும்பாலும் அக்கரைத் தமிழ். குடியுரிமை கேட்டு நின்ற கிழவரைப் பாட்டுக் கேட்க அழைத்த அவ்வரியைக் கண்டு அவள் சிரித்தாள். பிறகு அதனைத் தன் ஆய்வேட்டின் முதல் உதாரணமாக வைத்தாள்.

இப்போது அவள் செய்வது தோட்டத் தமிழ்ச் சொற்களையும் தொடர்களையும் சிங்கள இணைகளோடு தொகுக்கும் வேலை. பிரட்டு, செக்ரோல், கங்காணி, கொழுந்து மடுவம் என அச்சொற்கள் தொழிற் பிணக்கு மனுக்களிலும் ஊழியர் சேமலாப நிதிக் கடிதங்களிலும் வருகின்றன. அகராதிகளில் அருகியே வருகின்றன. எந்திரம் அவற்றைக் கண்டால் தடுமாறுகிறது. சென்ற ஆண்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றிலிருந்து புலமைப்பரிசிலோடு அழைப்பு வந்தது. ஆய்வுப்பொருள் அவர்கள் தருவது. 2022இன் நெருக்கடிக்குப் பின் அவளோடு படித்தோர் பலர் புறப்பட்டுவிட்டனர். தகப்பனார் போ என்கிறார். அவள் மறுமொழி எழுதவில்லை. மறுக்கவுமில்லை.

ஒருநாள் இரவு, 'அரைப் பேர்' என்னும் தொடருக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் 'பேர்' என்பது ஒருநாட் சம்பளம். செக்ரோலில் பெயர் விழுந்தால் அன்றைய கூலி உண்டு. எந்திரம் அரைப் பேரைப் பாதிப் பெயர் என்று மாற்றியிருந்தது. அவள் அதனை அடித்து, 'அரைநாள் வேலைக்குரிய கூலி' என்று திருத்தி, சரிதானா என்று அப்பாயிக்கு வாசித்துக் காட்டினாள்.

பாட்டி வெற்றிலையை மென்றபடியே கேட்டாள். "அரைநா வேலைன்னு யாரு புள்ள சொன்னா?"

"அரைப் பேருன்னா அரைநாள்தானே அப்பாயி?"

"காலையில பிரட்டுக்குப் போயி, பொழுது சாயிற மட்டும் மழையில நின்னுதான் எடுத்தேன். கொழுந்து றாத்தல் கொறைஞ்சா அரைப் பேரு. வேல முழுநா. பேருதான் அரை."

அவள் எழுதியதை மீண்டும் அழித்தாள். முன்னர் சேர்த்த வாக்கியங்களில் அத்தொடர் வரும் இடங்களையெல்லாம் தேடி எடுத்து, ஒவ்வொன்றாகப் பாட்டிக்கு வாசிக்கத் தொடங்கினாள்.